டி.வி.யில் போடுவான்

பாலாம்பாள் தியேட்டரில் பார்க்காமல் போன படங்கள் மொத்தம் பதினொன்று. வாய்க்கு வந்த எண்ணிக்கை இல்லை இது. பழைய டைரி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். பதினொன்றையும் டி.வி.யில் பார்த்தவள்தான், அதுவும் பல முறை. வசனங்களை வரி பிசகாமல் ஒப்பிப்பாள். ஆனால் அந்தப் படம் பார்த்திருக்கிறாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள்.

"ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேன்னு சொல்ல முடியுமா?" என்பாள். "பந்தியில உக்காந்து சாப்பிட்டாதான் கல்யாணம்."

பதினொன்றுக்கும் பொறுப்பு ஒரே ஆள். அவள் கணவர் குமரவேல். அரசாங்க அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் படத்துக்குக் கூப்பிட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"டி.வி.யில போடுவான், பாலா."

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று சொல்லி மாளாது. தீபாவளிக்கு வந்த படத்தைப் பொங்கலுக்குப் போடுவான். பொங்கலுக்கு வந்ததைச் சித்திரை மாதப் பிறப்புக்குப் போடுவான். தியேட்டரில் கூட்டம், சீட்டெல்லாம் மூட்டைப்பூச்சி, ஃபேன் ஓடாது, திரும்பி வர பஸ் கிடைக்காது. இத்தனைக்கும் மனுஷன் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். தெருவே மெச்சும் ஆள். பாலாம்பாளுக்கு அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் மல்லுக்கு நின்று ஜெயித்துவிடலாம். நல்லவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

டி.வி.யில் போடாமலும் இல்லை. எப்படிப் போட்டான் என்பதுதான் வயிற்றெரிச்சல். மலை ரயில் படத்தில் கதாநாயகன் சங்கிலியைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினான், கரண்ட் போனது. திரும்பி வந்தபோது வணக்கம் போட்டுவிட்டான். பேசாத பையன் ஒருவன் முதன்முதலாக 'அம்மா' என்று வாய் திறக்கப் போகிற நொடியில் சலவைத்தூள் விளம்பரம். அதிலும் ஓர் அம்மாவும் பையனும். அந்தப் பையன் வாய் ஓயாமல் பேசினான். இன்னொரு படத்தில் நீதிபதி தீர்ப்பைப் படிக்கக் கண்ணாடியை மாட்டுகிறார், வாசலில் குமரவேலின் சித்தப்பா பத்திரிகை வைக்க வந்து நிற்கிறார். வந்தவர் முன்னால் டி.வி. ஓடலாமா? நிறுத்தியாயிற்று. அந்தக் குற்றவாளி தூக்கில் தொங்கினானா, தப்பித்தானா என்று அவளுக்குத் தெரிய நாலு வருஷம் ஆனது.

இத்தனைக்கும் யாருக்கும் பயந்து பணிந்து போகிற பெண் இல்லை பாலாம்பாள். தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தபாலாபீஸ் கவுண்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவள். பேனா இல்லாமல் ஃபாரம் நிரப்ப வருகிறவர்களை அவள் பார்க்கிற பார்வையிலேயே பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்ப் பேனா வாங்கி வந்துவிடுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் வந்தால் அதே பாலாம்பாள் வரிசையை அப்படியே நிறுத்திவைத்து, தானே நிரப்பிக் கொடுப்பாள். பின்னால் எவனாவது முணுமுணுத்தால் அவன் தொலைந்தான்.

"நீ சம்பாதிச்ச, நீயே தனியா போயிருக்கலாமேம்மா?" என்று மகள் மிருதுளா ஒரு தடவை கேட்டாள். கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு, ஐ.டி. கம்பெனி வேலை, நினைத்த நேரத்தில் நினைத்த படத்துக்குப் போகிற பெண். அவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

"தனியாப் போறதுக்கா ஆசைப்பட்டேன்?" என்றாள் பாலாம்பாள். "உங்கப்பாவோட பக்கத்துல உக்காந்து பாக்கணும்டி. லைட் அணைஞ்சதும் யாராவது ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும். அதுக்குப் பேர்தான் சினிமா."

பதினொன்றில் முதலில் நிற்கிற பெயர் 'உப்பளத்து ராணி.' முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக்கு வந்த படம். கேளம்பாக்கம் பக்கத்து உப்பளத்தில் எடுத்தது. இன்றைக்கு அந்த இடத்தில் மிருதுளாவின் அடுக்குமாடி மாதிரி நாலு நிற்கின்றன. தாயம்மா என்று ஓர் உப்பளத் தொழிலாளி. அறுவடை நாளில் மதகைத் திறந்து கடலை உள்ளே விட்டு, பெண்கள் வாரிக் குவித்த உப்பையெல்லாம் கரைத்துவிட ஆளோடு வருகிறான் காண்ட்ராக்டர். அவள் வரப்பில் போய் நிற்கிறாள். இரண்டு கைகளையும் அகல விரித்து, ஒற்றை ஆளாக. டி.வி.யில் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் பாலாம்பாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். தபாலாபீஸில் யாராவது குரலை உயர்த்தினால் அவளுக்குத் தாயம்மா ஞாபகம் வரும். ஒற்றை ஆளாக நிற்கப் பழகிக்கொண்டதே அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

படம் தாம்பரத்தில் வெளியான முதல் வாரத்திலேயே, சனிக்கிழமை மாலைக் காட்சிக்குப் போவதாகக் குமரவேல் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டாரே! அவள் அரை நாள் லீவு போட்டாள். மிருதுளாவுக்கு அப்போது ஐந்து வயது. தீபாவளிக்கு எடுத்த கவுனைப் போட்டுவிட்டு, தானும் புதுச் சேலை கட்டி, ஐந்து மணியிலிருந்து வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்தரை, ஆறு, ஆறரை. குழந்தை கேட்டிலேயே சாய்ந்து தூங்கிவிட்டது. ஒன்பதரைக்குக் குமரவேல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"திடீர்னு ஆடிட் வந்துட்டாங்க, பாலா. நாள் முழுக்க ஃபைல் மேல குனிஞ்சு குனிஞ்சு கழுத்தே திரும்பல."

அவளுக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள். தைலம் தேய்த்தாள். புதுச் சேலையில் தைலக் கறை பட்டு, அது கடைசிவரை போகவில்லை. அதன் பிறகும் படம் ஐம்பது நாள் ஓடியது. ஒவ்வொரு வாரமும் கேட்டாள். "கூட்டம் பாலா. டி.வி.யில போடுவான்."

இப்படி இருக்கையில்தான் போன மாதம் ஒரு நாள் மிருதுளா போன் பண்ணினாள்.

"அம்மா, உன் உப்பளத்து ராணியை ரீ-ரிலீஸ் பண்றாங்க. வேளச்சேரிப் பக்கம் ஒரு மால்ல, புதன்கிழமை காலைல ஒரே ஒரு ஷோ. படம் நீளம்னு அப்ப பத்தாம் நாளே ஒரு பன்னெண்டு நிமிஷத்த வெட்டுனாங்களாமே? அது எந்த கேசட்லயும் இல்ல, டி.வி.லயும் வந்ததில்ல. அதையும் தேடிக் கண்டுபிடிச்சு சேத்திருக்காங்களாம்."

போனைக் கையில் பிடித்தபடி பாலாம்பாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வெட்டு அவளுக்குத் தெரியும். பத்திரிகையில் படித்திருக்கிறாள். முதல் ஒன்பது நாளில் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று அப்போதே வயிறு எரிந்தவள்.

"யூடியூப்ல இருக்கே பாலா," என்றார் குமரவேல் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். "பெரிய டி.வி.ல போட்டுக் குடுக்கறேன். அங்க போய் ஏசில நடுங்கிக்கிட்டு…"

"நீங்க வரீங்க," என்றாள் பாலாம்பாள். அவ்வளவுதான். அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

திங்கட்கிழமை அடுத்த குண்டு விழுந்தது. பத்துப் பேராவது டிக்கெட் எடுக்காவிட்டால் காட்சியை ரத்து செய்துவிடுவார்களாம். இதுவரை எடுத்தது நாலே நாலு. இவர்கள் மூன்று பேர், எங்கிருந்தோ முகம் தெரியாத ஒருவர். பாலாம்பாள் தியேட்டருக்கே போன் போட்டாள். ஜெரூஷா என்று ஒரு பெண் எடுத்தாள்.

"மேம், மினிமம் டென் இருந்தாதான் மேம் ஷோ ரன் பண்ணுவோம். ரீஃபண்ட் வந்துடும் மேம்."

"ரீஃபண்டை வெச்சு நான் என்னம்மா பண்றது? முப்பத்தோரு வருஷத்த ரீஃபண்ட் பண்ணுவீங்களா?" பாலாம்பாளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "ஒரே ஒரு ஆள் வந்து ஒரே ஒரு கார்டு கேட்டாலும் நான் கவுண்டரத் தொறந்து குடுத்திருக்கேன். பத்துப் பேரக் கூட்டிட்டு வான்னு ஒருத்தரையும் திருப்பி அனுப்புனதில்ல."

"சாரி மேம்," என்றாள் அந்தப் பெண், உண்மையிலேயே வருத்தத்தோடு. அவளைத் திட்டி என்ன பிரயோஜனம்?

சரி, பத்துப் பேர்தானே வேண்டும்? செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். முதலில் பக்கத்து வீட்டு மெஹர் பானு. இருபது வருஷப் பழக்கம். நோன்புக் கஞ்சி இந்தப் பக்கமும் பொங்கல் அந்தப் பக்கமும் போய்வருகிற வீடு. விஷயத்தைக் கேட்டதுமே, "நான் வரேன்க்கா, இதுக்குப் போய் கேக்கணுமா?" என்றாள். அவள் புருஷன் ஷாகுல் ஏசி மெக்கானிக், வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா, சினிமாக்கு ஆள் புடிக்கிறியா? எலெக்‌ஷன்ல கூட இப்டி யாரும் வூடு வூடா வந்து கேக்கலியே," என்றார் சிரித்துக்கொண்டே. "நானும் வரேன். ஊருக்கெல்லாம் ஏசி மாட்டினு கீறேன், நானும் ஒரு நாள் ஜில்லுனு குந்தினு வரேன்."

காலையில் கூட நடக்கிற பெண்கள் மூன்று பேர் சேர்ந்தார்கள். அந்த முகம் தெரியாதவரோடு சேர்த்து ஆக ஒன்பது. பத்தாவது ஆளுக்காகச் செவ்வாய்க்கிழமை முழுக்க அலைந்தாள். காலனி சங்கச் செயலாளர் முழங்கால் வலி என்றார். மருந்துக்கடைக்காரர் கடையை விட்டு வரமுடியாது என்றார். மளிகைக்கடைக்காரர் "அதான் டி.வி.ல போடுவானேம்மா" என்று ஆரம்பித்தார். பாலாம்பாள் பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

புதன்கிழமை காலை எட்டுப் பேருமாக மாலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கவுண்டரில் இருந்த பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஒன்று குறைகிறது என்றான்.

"இன்னொரு டிக்கெட் குடு," என்றாள் பாலாம்பாள்.

"எந்த ரோ மேம்?"

"எதையோ குடு. உக்கார ஆளில்ல."

அவன் திரைக்கு நேர் எதிரே முதல் வரிசையில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தான். "ஆளில்லாத சீட்டுக்கு டிக்கெட்டாக்கா?" என்றாள் மெஹர் பானு.

"அன்னிக்கு நான் விட்ட டிக்கெட்டுன்னு வெச்சுக்கோ," என்று அதை மடித்துப் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

விளக்கு அணைந்தது. திரை அகலமாக, அகலமாக, இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுக்கொண்டு வெளுத்தது. உப்பளம். வெயில். பெயர்கள் ஓடத் தொடங்கின. இடது பக்கம் மகள், வலது பக்கம் கணவர். நடுவே எவனும் வந்து எதையும் விற்கவில்லை. டி.வி.யில் போல மூலையில் விளம்பரக்காரி எவளும் ஆடவில்லை. கைப்பிடியில் இருந்த குமரவேலின் கைமேல் தன் கையை வைத்தாள். கல்யாணமான புதிதில்கூட வெளியிடத்தில் அப்படிச் செய்ததில்லை. போகட்டும், இப்போதாவது வந்தாரே என்று நினைத்தாள். சத்தியமாக, அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டிருந்தாள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் உப்பு அதிகாரி ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். யாரிவர், இந்த ஆளை நாம் பார்த்ததே இல்லையே என்று பாலாம்பாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். புதுக் காட்சி! வெட்டின பன்னிரண்டு நிமிஷம் இதுதான்! அதிகாரி சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குள் போனார். குமரவேல் அதற்குள்ளாகவே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்திருந்தார். அவள் காதருகே சாய்ந்தார்.

"இப்ப பாரு பாலா, வெளிய வந்து சைக்கிளக் காணோம்னு தேடுவான். எங்க இருக்கும் தெரியுமா? உப்புக் குவியல் உச்சியில! ஒரு காக்கா வேற வந்து சீட்டுல உக்காரும்."

அதிகாரி வெளியே வந்தார். தேடினார். கேமரா மெல்ல மேலே ஏறியது. மலை மாதிரி உப்புக் குவியல், அதன் உச்சியில் சைக்கிள். காக்கா வந்து உட்கார்ந்தது. தியேட்டரில் இருந்த பத்துப் பேரும் — இல்லை, ஒன்பது பேரும் — வாய்விட்டுச் சிரித்தார்கள். பாலாம்பாளும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டாள்.

கையை எடுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"காக்கா."

"அதான் படத்துல வருமே…" என்று ஆரம்பித்த குமரவேல், வாயை மூடிக்கொண்டார். இருட்டிலும் அவர் முகம் போன போக்கு அவளுக்குத் தெரிந்தது. இது டி.வி.யில் வரவில்லை. யூடியூபில் இல்லை. முதல் ஒன்பது நாளில் தியேட்டருக்குப் போனவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சனிக்கிழமை அந்த ஒன்பது நாளுக்குள்தான் வந்தது.

இடைவேளை விளக்கு போட்டதும் எழுந்து வெளியே நடந்தாள். குமரவேல் பின்னாலேயே வந்தார். பாப்கார்ன் விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று திரும்பினாள்.

"அன்னிக்கு ஆடிட் இல்ல."

"இருந்துது பாலா. சத்தியமா இருந்துது. சாயங்காலத்தோட முடிஞ்சிருச்சு. அந்த சந்தோஷத்துல ஆபீஸ்ல எல்லாரும் கெளம்பிட்டாங்க, என்னையும் இழுத்துட்டுப் போயிட்டாங்க. டிக்கெட்டே கெடைக்கல. மொத வரிசைதான் கெடைச்சுது. அண்ணாந்து அண்ணாந்து பாத்து, கழுத்தே ஒடிஞ்சிருச்சு…"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

"அண்ணே, கம்முனு இருண்ணே," என்று ஷாகுல் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். "பேஜாராப் பூடும்."

"கழுத்து," என்றாள் பாலாம்பாள். "தைலம் தேச்சேனே. வெந்நீர் வெச்சு ஒத்தடம் குடுத்தேனே. புதுப் பொடவை. ஐயோ, ஆபீஸ்ல மாடா உழைச்சிட்டு வந்திருக்காரேன்னு ராத்திரி சாப்பாட்டக்கூட ஊட்டிவிடாத குறை! மூட்டைப்பூச்சின்னீங்களே? உங்களக் கடிக்கலியா அது?"

"அப்பா," என்றாள் மிருதுளா. "நான் அன்னிக்கு கேட்லயே தூங்கிட்டேன்னு அம்மா சொல்வாங்களே, அந்த நாளா?"

குமரவேல் மகளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாக மறைத்து வைத்திருந்தவர் முகம் மாதிரி அது இல்லை. மறந்தே போனவர் முகம். பாலாம்பாளுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொன்னதையாவது ஞாபகம் வைத்திருக்கக் கூடாதா? அவள் ஞாபகம் வைத்திருந்தாளே, கேட்டின் துருகூட ஞாபகம் இருக்கிறதே!

"சரி, பாத்தீங்க. ஆளுங்க இழுத்துட்டுப் போனாங்க. ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் அம்பது நாள் ஓடிச்சே? வாராவாரம் கேட்டேனே? ஒரு நாள் கூட்டிட்டுப் போயிருக்கலாமில்ல?"

"பாத்த படத்தையே…" அவர் குரல் உள்ளே போய்விட்டது. "ரெண்டாவது தடவ போர் அடிக்குமேன்னு…"

மெஹர் பானு வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

பாலாம்பாள் அவரையே பார்த்தாள். கவுண்டர் கம்பிக்குப் பின்னாலிருந்து பார்க்கிற அதே பார்வை. "மத்த பத்துப் படம்?"

"எல்லாத்தையும் இல்ல, பாலா," என்றார் குமரவேல்.

மணி அடித்தது. எல்லாரும் உள்ளே போனார்கள். பாலாம்பாள் தன் வரிசையைத் தாண்டிப் படியில் இறங்கிக்கொண்டே போனாள். பர்ஸைத் திறந்து, மடித்து வைத்த டிக்கெட்டை எடுத்து எண்ணைப் பார்த்து, முதல் வரிசையில் நட்ட நடுவே போய் உட்கார்ந்தாள். "அம்மா, அங்க கழுத்து வலிக்கும்மா," என்று மிருதுளா மேலிருந்து கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை.

இரண்டாவது பாதி முழுக்க அவளுக்குக் கோபம் குறையவே இல்லை. கோபத்தோடேயே பார்த்தாள். எப்போதடா விளம்பரம் போடுவான் என்று பழக்கதோஷத்தில் உடம்பு காத்துக்கொண்டிருந்தது. தாயம்மா அடி வாங்கினாள், எழுந்தாள். இந்த இடத்தில்தான் சோப்பு வரும். வரவில்லை. காண்ட்ராக்டர் ஆட்களோடு மதகை நோக்கி வந்தான். கடல் இரைச்சல் காலடித் தரையிலிருந்து எழுந்து அவள் நாற்காலியையே அதிரவைத்தது. தாயம்மா வரப்பில் ஏறினாள். இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

பாலாம்பாள் அண்ணாந்தாள்.

டி.வி.யில் தாயம்மாவின் கைகள் திரையின் ஓரத்தில் முடிந்துவிடும். இங்கே முடியவில்லை. இடது கையை இன்னொரு கை பிடித்திருந்தது. வலது கையை இன்னொன்று. அந்தப் பெண்களின் மறு கைகளை அடுத்தடுத்த பெண்கள் பிடித்திருந்தார்கள். கிழவிகள், சின்னப் பெண்கள், முதல் பாதியில் தாயம்மாவோடு குழாயடியில் சண்டை போட்டவள், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரப்பு முழுக்க நாற்பது பெண்கள் கைகோத்து நின்றார்கள். முதல் வரிசையில் இருந்ததால் எல்லாரையும் பார்க்கப் பாலாம்பாள் கழுத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் முழுசாகத் திருப்ப வேண்டியிருந்தது.

டி.வி.க்காக இரண்டு ஓரத்தையும் கத்தரித்துப் போட்டிருக்கிறான்கள் பாவிகள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்கவில்லை என்று, நாற்பது பெண்களை வெட்டி எறிந்துவிட்டு ஒருத்தியை மட்டும் காட்டியிருக்கிறான்கள். அதைப் பார்த்துவிட்டுத்தானே, தனியாக நிற்பதுதான் தைரியம் என்று முப்பது வருஷம் நம்பினாள்! தனியாகவே எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்! பாலாம்பாள் அழுதாள். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க, ஆத்திரத்தோடு அழுதாள்.

பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். மெஹர் பானு. அப்புறம் மிருதுளா. அப்புறம் நடைப்பயிற்சிப் பெண்கள் மூன்று பேரும் குனிந்துகொண்டே வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே பின்வரிசையில் குமரவேலும் ஷாகுலும் அந்த முகம் தெரியாத ஆளும் மட்டும் இருந்தார்கள்.

மறுநாள் காலையில் பாலாம்பாளுக்குக் கழுத்து திரும்பவில்லை. காபி கலக்கக்கூட முடியவில்லை. ஹாலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரோடு ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. குமரவேல் அலமாரியில் தேடித் தைலப் புட்டியை எடுத்து வந்து, அவள் பின்னால் நின்றார். அவள் கொண்டையைத் தூக்கி முடிந்துகொண்டாள். அவர் தேய்க்க ஆரம்பித்தார். டீப்பாயின்மேல் டைரி திறந்து கிடந்தது. முதல் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. மீதிப் பத்தில் ஐந்துக்கு எதிரே 'கு' என்று பேனாவால் எழுதியிருந்தது. காலையில் அவளே டைரியை நீட்ட, தான் தியேட்டரில் பார்த்தவை எவை என்று அவரே உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதிக் கொடுத்தது. பொய் எழுதவில்லை, அந்தமட்டும் சந்தோஷம்.

மெஹர் பானு வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"என்னாச்சுக்கா கழுத்துல?"

"ஒண்ணுமில்ல பானு," என்றாள் பாலாம்பாள். "நேத்து ஆடிட்."

குமரவேலின் கை அப்படியே நின்றது.

"நிறுத்தாதீங்க," என்றாள் பாலாம்பாள்.